துப்பாக்கி கை மாறும்போது: விருப்பத்துக்காக வாங்கி விற்பவர் எப்போது வணிகர் ஆகிறார்?

உரிமம் பெற்ற ஒருவர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்குகிறார். சில ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு இன்னொரு உரிமதாரருக்கு விற்கிறார். அந்தப் பணத்தில் வேறொன்று வாங்குகிறார். பின்னால் அதையும் விற்கிறார். கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, பிழைப்பும் இதில் இல்லை. பழைய ஆயுதங்களின் வேலைப்பாட்டின் மீதோ, குறி பார்த்துச் சுடும் விளையாட்டின் மீதோ உள்ள ஈடுபாடுதான் காரணம். இவர் எத்தனையாவது விற்பனையில் வணிகர் ஆகிறார்? முதல் விற்பனையிலேயேவா, பத்தாவதிலா, லாபம் வந்த அன்றா, அல்லது எப்போதுமே இல்லையா?

ஆயுதச் சட்டங்கள் எழுதப்பட்ட நாடுகள் பலவும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. விடைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இந்தியாவில் இது பெரிய வழக்காக எழுந்ததில்லை என்பதால் கேள்வியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் உள்ள பேராவூரணி போன்ற ஒரு வட்டத்திலும், உரிமதாரர் ஒருவர் தன் துப்பாக்கியை விற்க நினைத்த நாளில் இந்தக் கேள்விக்குள்தான் நுழைகிறார். இதற்கு இதுவரை சொல்லப்பட்ட முக்கியமான விடைகளையும், அவை எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

பறிப்பிலிருந்து உரிமம் வரை

தமிழ்நாட்டில் ஆயுதக் கட்டுப்பாட்டின் கதை பாளையக்காரர் போர்களின் முடிவில் தொடங்குகிறது. கட்டபொம்மன் 1799 அக்டோபரிலும் மருது சகோதரர்கள் 1801 அக்டோபரிலும் தூக்கிலிடப்பட்டார்கள். 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கோட்டைகளை இடிக்கச் சொன்னது. அதற்கு முன்புவரை ஊர்க்காவல் முறையின் பகுதியாக ஈட்டி, வளரி, திரியால் பற்றவைத்துச் சுடும் துப்பாக்கி ஆகியவற்றைத் தாங்கியிருந்த சமூகங்கள் ஒரே ஆணையில் வெறுங்கையாக்கப்பட்டன. தஞ்சை அரசு 1799 உடன்படிக்கையோடு கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்குள் வந்துவிட்டிருந்தது. இரண்டாம் சரபோஜி, நெப்போலியனை பிரிட்டிஷார் வென்றதன் நினைவாக, பேராவூரணிக்குக் கிழக்கே மல்லிப்பட்டினம் கடற்கரையை ஒட்டி மனோராவை எழுப்பினார். படைபலம் யாரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை அந்தக் கோபுரமே சொல்லும்.

அடுத்த கட்டம் 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம். 1857 எழுச்சியின் நினைவு மறையாத காலத்தில், லிட்டன் பிரபுவின் ஆட்சியில் வந்தது இது. இந்தியர்கள் உரிமம் பெற்றாக வேண்டும். ஐரோப்பியர்களுக்கு விலக்கு உண்டு. இந்தப் பாகுபாட்டால்தான் காந்தியடிகள் உட்பட விடுதலை இயக்கத் தலைவர்கள் பலர் இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார்கள். 1931 கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

நம் கேள்வியைப் பொறுத்தவரை 1878 சட்டத்தின் வேறொரு பகுதி முக்கியமானது. உரிமம் இல்லாமல் ஆயுத வணிகம் செய்யக் கூடாது என்று அதன் 5ஆம் பிரிவு விதித்தது. கூடவே, தன் சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் ஆயுதத்தை ஒருவர் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்பதை இது தடுக்காது என்றும் சொன்னது. விற்ற பிறகு, தாமதமின்றி, வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவித்தால் போதும். வணிகர் வேறு, சொந்த உபயோகக்காரர் வேறு என்ற பிரிவு இந்தியச் சட்டத்தில் அப்போதே வேர்விட்டுவிட்டது.

சுதந்திர இந்தியா கராச்சித் தீர்மானத்தின் வழியில் செல்லவில்லை. 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் எச். வி. காமத் ஆயுத உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. 1959இல் வந்த புதிய ஆயுதச் சட்டம் இனப் பாகுபாட்டைக் களைந்தது. உரிமம் கட்டாயம் என்ற அடித்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டது.

இன்றைய சட்டத்தில் ஒரு விற்பனை

1959 சட்டத்தின் 5ஆம் பிரிவு 1878இன் அமைப்பைத் தொடர்கிறது. அதன் முதல் உட்பிரிவு, உரிமம் இல்லாமல் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்கிறது. இரண்டாம் உட்பிரிவு, சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருப்பதைத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ வணிக உரிமம் தேவையில்லை என்கிறது. ஆனால் முறை மாறிவிட்டது. 1878இல் விற்றபின் தெரிவித்தால் போதும். இப்போது விற்பதற்கு முன்பே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பின்னரே கொடுக்க வேண்டும்.

பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்பதாக வைத்துக்கொண்டால், நடைமுறை இப்படிப் போகும். துப்பாக்கியின் வகையும் குழாயில் பொறித்த எண்ணும் அவருடைய உரிமத்தில் பதிவாகியிருக்கும். வாங்குபவரிடம் அந்த வகைத் துப்பாக்கிக்கான உரிமம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பித்து, காவல் துறை விசாரணை முடிந்து, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கேட்கும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும் தந்து முதலில் உரிமம் பெற வேண்டும். விற்பவர் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் எழுதி ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முடிவில் ஒருவர் உரிமத்திலிருந்து துப்பாக்கி நீங்கும். இன்னொருவர் உரிமத்தில் ஏறும்.

‘மாற்றிக்கொடுத்தல்’ என்பதற்குச் சட்டம் தரும் பொருள் அகலமானது. வாடகைக்கு விடுவது, இரவல் தருவது, அன்பளிப்பாகத் தருவது, கையை விட்டுப் போக விடுவது எல்லாமே அதில் அடங்கும். ஊர்த் திருவிழாவுக்கு வேட்டுப் போட நண்பருக்குக் கொடுத்தேன் என்பதும் மாற்றிக்கொடுத்தல்தான்.

தண்டனைப் பகுதியில்தான் நம் கேள்வியின் கனம் தெரிகிறது. முன்னறிவிப்புக் கொடுக்காமலோ 45 நாட்கள் முடியும் முன்போ விற்றால், 25ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் இல்லாமல் ஆயுத வணிகம் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது ஏழாண்டுச் சிறை. ஆயுள் வரை போகலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது ‘சொந்த உபயோகம்’ என்ற ஒரு தொடர். அதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. ஆண்டுக்கு எத்தனை முறை விற்றால் சொந்த உபயோகம் வணிகமாகும், லாபம் பார்த்தால் என்ன ஆகும், விற்கும் எண்ணத்தோடே வாங்கியிருந்தால் என்ன ஆகும் என்பவை எழுதப்படாமலே இருக்கின்றன.

முதல் நிலைப்பாடு: உடைமையை விற்பது உரிமையாளரின் உரிமை

சட்டப்படி வாங்கிய பொருளைச் சட்டப்படித் தகுதியுள்ளவருக்கு விற்பதில் அரசுக்கு என்ன வேலை என்பது இந்த நிலைப்பாடு. அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தத்தில் இதன் வலுவான வடிவம் இருக்கிறது. இந்தியாவிலும் இதற்குக் குரல் உண்டு. 1993இல் அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, தடை செய்யப்படாத வகைத் துப்பாக்கியை வைத்திருப்பதை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு இணைத்தது. பிறகு அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தக் கருத்தை ஏற்கவில்லை. 2023 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல என்பதை மீண்டும் நினைவூட்டியது.

இந்த நிலைப்பாட்டின் பலம், காலனி ஆட்சி நிராயுதபாணியாக்கிய வரலாற்றை அது மறக்கவில்லை என்பது. அதன் பலவீனமும் வரலாற்றிலேயே இருக்கிறது. காவிரி டெல்டாவில் உரிமத் துப்பாக்கி எல்லார் வீட்டிலும் சமமாக இருந்ததில்லை. பெரும்பாலும் மிராசு வீடுகளில் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கிழக்குத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தாக்க வந்தவர்கள் துப்பாக்கியால் சுட்டதாக அந்த வழக்கில் சாட்சியங்கள் கூறின. ஆயுதம் ஊரில் யாரிடம் இருக்கிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது இருவருக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் மட்டுமல்ல. ஊரின் அதிகாரச் சமநிலையும் அதில் அடங்கியிருக்கிறது. உடைமைவாதம் இதற்கு நிறைவான பதில் தந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் நிலைப்பாடு: லாபமே அளவுகோல்

வணிகரையும் விருப்பக்காரரையும் நோக்கத்தை வைத்துப் பிரிக்கலாம் என்பது அடுத்த விடை. இதை அதிகம் சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், துப்பாக்கி வணிகத்தில் ஈடுபடுவோர் கூட்டாட்சி உரிமம் பெற வேண்டும் என்றது. யார் ஈடுபடுவோர் என்று தெளிவாகச் சொல்லவில்லை. சில துப்பாக்கிகளை விற்ற சேகரிப்பாளர்கள் மீதும் வழக்குகள் பாய்ந்ததாகக் குறை எழுந்தது. அதன் விளைவாக 1986இல் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாழ்வாதாரமும் லாபமும் முதன்மை நோக்கமாக இருந்து, திரும்பத் திரும்ப வாங்கி விற்பவரே வணிகர். எப்போதாவது விற்பவர், பொழுதுபோக்காக வாங்கி விற்பவர், தன் சேகரிப்பை முழுதாகவோ பகுதியாகவோ விற்பவர் வணிகர் அல்ல என்று அது வரையறுத்தது.

இந்த வரையறையின் விளைவு 1993க்குப் பிறகு கூர்மையானது. பிரேடி சட்டம் வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சோதிக்கும் கடமையை உரிமம் பெற்ற வணிகர்கள் மீது மட்டும் சுமத்தியது. விருப்பக்காரருக்கு அந்தக் கடமை கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. ஆகவே துப்பாக்கிக் கண்காட்சியில் அடுத்தடுத்த மேசைகளில் இருவர் ஒரே வகைத் துப்பாக்கியை விற்கும்போது, ஒருவர் சோதனை செய்தாக வேண்டும், மற்றவர் செய்ய வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. பல மாநிலங்கள் தனியார் விற்பனைக்கும் சோதனையை விரிவாக்கின. 2022இல் அமெரிக்க நாடாளுமன்றம் ‘வாழ்வாதாரம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, பெரும்பாலும் லாபம் ஈட்டும் நோக்கம் இருந்தாலே போதும் என்று மாற்றியது. அதைச் செயல்படுத்த 2024இல் கொண்டுவந்த விதி, விற்றவரின் நோக்கம் தெளிவானால் ஒரே விற்பனைகூட வணிகமாகலாம் என்றது. டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதன் செயலாக்கத்தை அங்கே தடுத்து வைத்தது.

அரை நூற்றாண்டுக்கும் மேலான இந்த அனுபவம் சொல்வது என்ன? நோக்கத்தை நிரூபிப்பது கடினம். சேகரிப்பாளர் சில ஆண்டுகள் வைத்திருந்து விற்கும்போது விலை ஏறியிருந்தால் அது லாபமா, பொருளின் மதிப்பு வளர்ந்ததா? எண்ணிக்கையை எல்லையாக வைத்தால், அந்த எண்ணுக்கு ஒன்று குறைவாக விற்பவர் பெருகுவார். எல்லையே வைக்காவிட்டால் நேர்மையான விருப்பக்காரருக்குத் தன் நிலை என்னவென்று தெரியாது. இரண்டு பக்கமும் நியாயமான குறை இருக்கிறது.

மூன்றாம் நிலைப்பாடு: எல்லா விற்பனையும் ஒரே வாசல் வழியே

விற்பவர் யார் என்று ஆராய்வதை விட்டுவிட்டு, துப்பாக்கி கை மாறும் இடத்தையே கட்டுப்படுத்தலாம் என்பது மூன்றாவது விடை. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், ஆஸ்திரேலிய மாநிலங்கள் தேசியத் துப்பாக்கி உடன்படிக்கைக்கு வந்தன. துப்பாக்கிகளை உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே விற்க வேண்டும். வணிகர் எட்டாத ஊர்களில் காவல் துறை வழியாகச் செய்யலாம். விருப்பக்காரர் தன் துப்பாக்கியை விற்கலாம், ஆனால் தானே நேராகக் கொடுக்க முடியாது. பிரிட்டன் வேறு வழியைக் கொண்டிருக்கிறது. அங்கே சான்றிதழ் உள்ளவர்கள் நேரடியாகக் கொடுத்து வாங்கலாம். ஆனால் கை மாறிய செய்தியை ஏழு நாட்களுக்குள் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்தியாவின் 45 நாள் விதி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று சொல்லலாம். இடைத்தரகர் கட்டாயமில்லை, ஆனால் முன்னறிவிப்பும் காத்திருப்பும் உண்டு. இதன் நன்மை, விற்பவரின் மனதுக்குள் புகுந்து நோக்கத்தைத் தேட வேண்டியதில்லை என்பது. குறை, பதிவேடு எவ்வளவு நம்பகமானதோ அவ்வளவுதான் காப்பும் என்பது. கடிதம் வாங்கிக் கோப்பில் வைக்கும் அலுவலகம் அதைப் படித்து, வாங்குபவரைச் சரிபார்க்காவிட்டால், 45 நாட்கள் வெறும் காலக்கெடுவாகவே கழியும்.

நான்காம் நிலைப்பாடு: எண்ணிக்கையைக் குறைப்பது

ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் வாங்கி விற்கும் பழக்கம் தானாகவே சுருங்கும் என்பது நான்காவது விடை. இந்தியாவில் ஆயுதச் சட்டத்தின் 1983 திருத்தம் மூன்று என்று வரம்பு வைத்தது. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அதை இரண்டாக்கியது. முதலில் மசோதா ஒன்று என்றே சொன்னது. எதிர்ப்புக்குப் பிறகு இரண்டு ஆனது. கூடுதலாக உள்ளதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு வழியில் வருவதற்கும் இதே வரம்பு. உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது.

இரண்டே துப்பாக்கி வைத்திருக்க முடிகிறவர் சேகரிப்பாளராக இருக்க முடியாது. ஆனால் மாற்றிக்கொண்டே இருப்பவராக இருக்க முடியும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையது போயாக வேண்டும். ஆகவே எண்ணிக்கை வரம்பு விற்பனையைக் குறைக்கிறதா, சில இடங்களில் கட்டாயப்படுத்துகிறதா என்பது ஆராயத்தக்கது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதி 1980களிலிருந்து கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதால், அதற்கு முன் வந்த ஆங்கிலேய, ஐரோப்பியத் துப்பாக்கிகள் நாட்டுக்குள்ளேயே கை மாறி விலை ஏறிக்கொண்டிருக்கின்றன. தட்டுப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே விருப்பமும் வணிகமும் எளிதில் கலந்துவிடும்.

விலக்குகளின் வரிசை

இந்த நான்கு விடைகளுக்கும் வெளியே சில விலக்குகள் உண்டு. விருப்பக்காரரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இவற்றைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஒன்று, விளையாட்டு. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தி, புகழ்பெற்ற துப்பாக்கி சுடுதல் வீரர்கள் 12 துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ள வழிசெய்தது. பேராவூரணிக்கு அடுத்த மாவட்டமான புதுக்கோட்டையின் முன்னாள் அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆடவர் டிராப் அணிப் பிரிவில் தங்கம் வென்ற மூவரில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார். இப்படிப்பட்ட வீரர்களுக்குத் துப்பாக்கியை மாற்றிப் பார்ப்பது பயிற்சியின் பகுதி. ஆனால் தொடக்க நிலையில் உள்ள மாணவருக்கு அதே வசதி இல்லை. அவர் பழைய துப்பாக்கி ஒன்றை நியாய விலைக்கு வாங்குவதற்குச் சட்டப்படியான மறுவிற்பனை சீராக நடந்தாக வேண்டும்.

இரண்டு, பழம்பொருள். சுட இயலாதபடி பழுதான, பழைமை மதிப்புக்கு மட்டுமே உரிய ஆயுதங்களை 1959 சட்டத்தின் 45ஆம் பிரிவு தன் எல்லைக்கு வெளியே வைக்கிறது. 2020 திருத்தம் அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை வாங்கி வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்றது. சுடவோ எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும். இங்கே இன்னொரு சட்டமும் குறுக்கிடக்கூடும். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருட்களை விற்கும் தொழிலுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனி உரிமம் கேட்கிறது. பழந்துப்பாக்கியை வாங்கி விற்பவர் ஆயுதச் சட்டத்திலிருந்து தப்பினாலும் இங்கே வணிகர் ஆகிவிடலாம்.

மூன்று, சமூகமும் தொழிலும். குடகு மக்களுக்கு காலனிக் காலம் முதல் உரிம விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. தமிழ்நாட்டில் நரிக்குறவர் மக்கள் நாட்டுத் துப்பாக்கியோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள்; அவர்களுடைய துப்பாக்கி பொழுதுபோக்கு அல்ல, வயிற்றுப்பாடு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடிய பின் அந்தப் பயன்பாடு சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. விவசாயிகளுக்குப் பயிர்ப் பாதுகாப்புக்காக குழல்வாய் வழியே வெடிமருந்து இடும் துப்பாக்கிக்கு உரிமம் தர 13ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிகள் குறித்து எடுத்த முடிவு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடும் பொறுப்பை வனத் துறையினரிடமே விட்டது. உழவர் துப்பாக்கி வைத்திருக்கச் சொல்லிவந்த பழைய காரணம் இப்படிச் சுருங்கிவருகிறது.

நான்கு, காற்றுத் துப்பாக்கி. 20 ஜூல், 0.177 அங்குலம் என்ற வரம்புக்குள் அடங்கியவற்றுக்கு 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. விருப்பக்காரர்களின் மறுவிற்பனையைத் தாராளமாகக் காணக்கூடிய இடம் இதுதான்.

எண்களும் சான்றுகளும்

விருப்பக்காரரின் விற்பனையால் குற்றம் பெருகுகிறதா? அமெரிக்கச் சான்றுகள் ஒரே திசையில் இல்லை. அந்நாட்டு நீதித் துறைப் புள்ளியியல் அலுவலகம் 2016இல் சிறைக்கைதிகளிடம் எடுத்த கணக்கெடுப்பில், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுமார் 43 விழுக்காட்டினர் தெருவிலோ கள்ளச்சந்தையிலோ வாங்கியிருந்தனர். கால்வாசிப் பேர் குடும்பத்தினர், நண்பர்கள் வழியே பெற்றிருந்தனர். கண்காட்சியில் பெற்றவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. விருப்பக்காரர் மேல் பழியில்லை என்பதற்கு இதை ஒரு சாரார் காட்டுகிறார்கள். தெருவுக்கு அந்தத் துப்பாக்கி வந்து சேர்ந்த வழியில் பதிவில்லாத தனியார் விற்பனை ஒன்றாவது இருந்திருக்கும் என்பது மறுசாராரின் வாதம்.

கனெக்டிகட் 1995இல் கைத்துப்பாக்கி வாங்குவதற்கு முன் அனுமதி கட்டாயம் என்றாக்கிய பின் துப்பாக்கிக் கொலைகள் குறைந்ததாகவும், மிசூரி 2007இல் அத்தகைய சட்டத்தை நீக்கிய பின் கூடியதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. கலிபோர்னியா 1991இல் எல்லா விற்பனைக்கும் சோதனையை விரிவாக்கியபோது குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது. சோதனை மட்டும் போதாது, வாங்குபவருக்கு முன்கூட்டிய உரிமமும் இருந்தால்தான் பயன் என்ற முடிவுக்கு இவை இடம் தருகின்றன. அப்படிப் பார்த்தால் இந்தியாவின் அடித்தளம் சரியான பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் இந்திய எண்களில் பெரிய இடைவெளி இருக்கிறது. 2016 இறுதியில் நாட்டில் நடப்பிலிருந்த உரிமங்கள் 33.69 லட்சம் என்று உள்துறை அமைச்சகம் கணக்குக் காட்டியது. உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் 22,532. 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால், அங்கே ஏறத்தாழ 156 பேருக்கு ஓர் உரிமம், இங்கே 3,200 பேருக்கு ஒன்று. ஜெனீவாவின் சிறு ஆயுத ஆய்வு நிறுவனமோ, 2017இல் இந்தியப் பொதுமக்களிடம் 7.1 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாகவும் பதிவானவை 97 லட்சம் மட்டுமே என்றும் மதிப்பிட்டது. மதிப்பீடு கூடக்குறைய இருக்கலாம். பதிவுக்கு வெளியே உள்ளதே அதிகம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

பதிவுக்குள் உள்ளதும் எப்போதும் தூய்மையாக இல்லை. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சம் உரிமங்கள் வழங்கப்பட்டதாக எழுந்த புகாரை மத்தியப் புலனாய்வு அமைப்பு விசாரித்தது. அதிகாரிகளும் துப்பாக்கி வணிகர்களும் கூட்டுச் சேர்ந்ததாகக் குற்றச்சாட்டு. ‘வாங்குபவர் தகுதியுள்ளவர்’ என்ற ஒரே தூணின் மேல் நிற்கும் முறையில் அந்தத் தூணே ஆடினால், விற்பவர் எவ்வளவு நேர்மையாக இருந்தும் பயனில்லை. மூன்றாம் நிலைப்பாட்டுக்கும் இது பாடம்: வணிகர் வழியாக விற்பதே காப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

டெல்டாவின் தனிச்சிக்கல்: வாரிசுத் துப்பாக்கி

காவிரிக் கடைமடையில் ஆர்வத்துக்காகத் துப்பாக்கி வாங்கி விற்பவர்கள் மிகச் சிலராகவே இருக்க முடியும். மாநில எண்ணிக்கையே அதைச் சொல்கிறது. இங்கே துப்பாக்கி கை மாறுவது பெரும்பாலும் மரணத்தால். உரிமதாரர் இறந்தவுடன் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படியானதாக இருப்பதில்லை. 21ஆம் பிரிவின்படி தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம், அல்லது தகுதியுள்ளவருக்கு விற்கலாம். விவரம் தெரியாத குடும்பம் அதைப் பரணில் போட்டுவைக்கும். பங்கு பிரிக்கும்போது அது யார் கைக்கோ போகும். விற்றவர் வணிகரும் இல்லை, விருப்பக்காரரும் இல்லை. ஆனால் பதிவிலிருந்து ஒரு துப்பாக்கி தொலைந்துவிட்டது. தேர்தல் வரும்போது உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் வாங்கி வைக்கும் வழக்கம் இத்தகைய விடுபடல்களைக் கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு; வராத துப்பாக்கி எது என்று பதிவேட்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, லாப நோக்கத்தை வைத்து வணிகரையும் விருப்பக்காரரையும் பிரிக்கும் முயற்சி மிகப் பலவீனமானதாகத் தோன்றுகிறது. கை மாறும் ஒவ்வொரு தருணமும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டுச் சரிபார்க்கப்படுகிறதா என்பதே உறுதியான அளவுகோல். 1959 சட்டம் இந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறது. அதைச் செயல்படுத்துவதில்தான் குறை.

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. ‘சொந்த உபயோகம்’ என்பதற்கு நீதிமன்றமோ நாடாளுமன்றமோ எல்லை வகுக்குமா? ஆறு மாதத்துக்கும் ஏழாண்டுக்கும் நடுவே, திரும்பத் திரும்ப விற்கும் விருப்பக்காரர் எங்கே நிற்பார்? இரண்டு துப்பாக்கி வரம்பு சந்தையைச் சுருக்கியதா, மறைவுக்குத் தள்ளியதா? தேசிய உரிமத் தரவுத்தளம் உரிமதாரருக்குத் தனி அடையாள எண் தருகிறது. ஒவ்வொரு துப்பாக்கியின் பயணத்தையும் அதே தெளிவோடு அது தொடர முடியுமா? ஆண்டுதோறும் எத்தனை தனியார் விற்பனை அறிவிப்புகள் வருகின்றன என்று மாவட்டவாரியாக அரசு வெளியிட்டால், இவற்றில் பாதிக்காவது ஊகமின்றிப் பதில் சொல்லலாம். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

அதுவரை உரிமதாரருக்கும் அவர் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது இதுதான். விற்பதானாலும் கொடுப்பதானாலும் முதலில் எழுத்தில் தெரிவியுங்கள், ஒப்புகை வாங்குங்கள், 45 நாட்கள் பொறுங்கள். இறந்தவர் பெயரில் துப்பாக்கி வீட்டில் இருந்தால் இன்றே காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுங்கள்.